முயலின் எடையும் மகளின் எடையும்: பெரும்பாம்பு வளர்க்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

ஒன்ராறியோவில் வீட்டுக்குள் பெரிய மலைப்பாம்பு வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கும், வளர்த்துக்கொண்டே பெற்றோராகப் போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

பாம்பைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்ளும் ஒருவர் எழுதும் கடிதம் அல்ல இது. பர்மிய மலைப்பாம்பு ஒன்றை 9 ஆண்டுகள் என் வீட்டு பேஸ்மென்ட்டில் வளர்த்தவன் நான். ஊர்வனச் சந்தை ஒன்றில் வாங்கியபோது அதன் நீளம் இரண்டடி. பருமன் என் பெருவிரல் அளவு. தலையணை உறைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். கடைசியாக அதைத் தூக்கியபோது 13 அடி இருந்தது, தூக்குவதற்கு என் தம்பியும் கைகொடுக்க வேண்டியிருந்தது. இடையில் எனக்கு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது பாம்பை வீட்டிலிருந்து அனுப்புவதென்று முடிவெடுத்தேன். நீங்களும் அந்த முடிவையே எடுக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு கொப்பி உண்டு. எந்தத் திகதியில் இரை கொடுத்தேன், இரையின் எடை என்ன, தோல் எப்போது உரித்தது என்பவற்றை அதில் எழுதி வைப்பது வழக்கம். ஒழுங்காக வளர்க்கும் எல்லோரும் இதைச் செய்வீர்கள். மகள் பிறந்து பத்து நாள் கழித்து, உறைநிலையிலிருந்து இளக்கிய முயலொன்றை நிறுத்துவிட்டு '3.4 கிலோ' என்று எழுதினேன். எழுதிய பிறகு பேனாவை மூட முடியவில்லை. மருத்துவமனையில் மகளை நிறுத்தபோது சொன்ன எடையும் அதுதான். இதை ஒரு வாதமாக நான் முன்வைக்கவில்லை, எண்கள் தற்செயலாகவும் பொருந்தும். ஆனாலும் அன்றிலிருந்து அந்தக் கொப்பியைப் பழையபடி என்னால் திறக்க முடிந்ததில்லை.

முடிவெடுக்க வைத்தது வேறொன்று. எங்கள் வீட்டில் துணி தோய்க்கும் இயந்திரமும் பேஸ்மென்ட்டில்தான் இருக்கிறது. பாம்பின் கூடு அதற்கு அடுத்த அறையில் இருந்தது. எட்டடி நீளக் கூடு, வழுக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவு, அதற்கு ஒரு பூட்டு. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை இரவொன்றில் தண்ணீர்ப் பாத்திரத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது மேலே பிள்ளை அழுதாள். மனைவி வேலைக்குப் போயிருந்தார், மாமி குளித்துக்கொண்டிருந்தார், நான் ஓடினேன். மறுநாள் காலை கீழே போனபோது பூட்டு வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அழுத்தப்படவில்லை. கண்ணாடி ஒரு விரற்கடை திறந்திருந்தது. பாம்பு சூடான மூலையில் சுருண்டு கிடந்தது. அறைக் கதவும் படிக்கட்டின் மேல் கதவும் இரவு முழுவதும் திறந்தே இருந்திருக்கின்றன.

எதுவும் நடக்கவில்லை. அந்த இரவுக்கு முன் ஒருநாள்கூட நான் அந்தப் பூட்டை மறந்ததில்லை என்பதும் உண்மை. பிள்ளையில்லாத வீட்டில் என் கவனம் முழுவதும் பூட்டில் இருந்தது. பிள்ளை வந்த பிறகு அது பாதி அழைப்பிலேயே மேலே ஓடிவிட்டது. எந்தப் பூட்டும் அதைப் பூட்டுகிறவரின் ஞாபகத்தை நம்பியே இருக்கிறது. கைக்குழந்தையுள்ள வீட்டில் தூக்கம் கெட்டவர்களின் ஞாபகம் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே நாட்டில், நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் கம்பெல்டனில், 2013 ஓகஸ்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊர்வன விற்கும் கடையொன்றின் மேல்மாடி வீட்டில், அந்த வீட்டுப் பையனின் நண்பர்களாக ஓரிரவு தங்க வந்த 4 வயதும் 6 வயதும் உடைய சகோதரர்கள் இருவரை ஆப்பிரிக்க மலைப்பாம்பொன்று கொன்றது. அது தன் கூட்டிலிருந்த காற்றோட்டக் குழாய்க்குள் நுழைந்து, பிள்ளைகள் உறங்கிய அறையின் கூரையை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. அந்தக் குழாய்க்குள் இவ்வளவு பெரிய பாம்பு நுழையாது என்றே உரிமையாளர் நம்பியிருந்தார். கவனயீனத்தால் மரணம் விளைவித்ததாக அவர்மீது வழக்கு நடந்து, 2016 நவம்பரில் நடுவர் குழு அவரை விடுவித்தது. அவரைக் குற்றவாளி என்று நானும் சொல்ல வரவில்லை. என்னை உலுக்குவது, அவர் அனுபவமில்லாதவர் அல்லர் என்பதுதான். இறந்த பிள்ளைகள் அவ்வீட்டுப் பிள்ளைகளும் அல்லர். "எங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் இல்லை" என்று சொல்லும் நண்பர்கள், பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் தங்கள் வீட்டில் வந்து படுக்கும் மருமக்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புளோரிடாவில் 2009 ஜூலையில் நடந்தது இன்னும் எளிய பிழை. கண்ணாடித் தொட்டிக்கு மூடி என்று ஒன்று இல்லாமல் போர்வையொன்றைப் போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள். பாம்பு முன்பும் வெளியே வந்திருந்தது. ஒரு மாதமாக ஒழுங்கான இரையும் இல்லை. அந்த பர்மிய மலைப்பாம்பு 2 வயதுக் குழந்தையை அவளுடைய தொட்டிலிலேயே நெரித்துக் கொன்றது. குழந்தையின் தாய்க்கும் அவருடைய துணைவருக்கும் 2011-இல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நம்மவர்கள் இந்தச் செய்தியைச் சொன்னவுடன் "அது பொறுப்பில்லாத குடும்பம்" என்று முடித்துவிடுவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் முடித்து வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பாம்பின் நீளத்தைக் கவனியுங்கள்: எட்டரை அடிதான். நம்மில் பலர் "இன்னும் குட்டி" என்று சொல்லித் தோளில் போட்டுப் படம் எடுக்கும் அளவு அது.

"என் பாம்புக்கு என்னைத் தெரியும்" என்ற பேச்சை நானும் பேசியிருக்கிறேன். அதற்குத் தெரிந்தது என் வாசமும், இரும்புக் கொக்கியால் முதுகில் மெல்லத் தொட்டால் அன்று இரை இல்லை என்பதும்தான். உதடுகளை ஒட்டியுள்ள குழிகளால் சூட்டையும், நாக்கால் மணத்தையும் அறிந்து, சூடும் மணமும் அசைவும் சேர்ந்து வந்தால் அது பாய்கிறது. பாய்ந்த பிறகுதான் பிடித்தது என்ன என்ற கேள்வியே அதற்கு. வளர்ந்தவர்களாகிய நாம் கடிபட்டுப் பாடம் படிக்கிறோம், முயலைத் தொட்ட கையை முழங்கைவரை கழுவிய பின்னரே கூட்டைத் திறக்கிறோம். அயல்வீட்டு கினிப் பன்றியோடு விளையாடிவிட்டு வந்து கண்ணாடியில் கையை அப்பி நிற்கும் நான்கு வயதுப் பிள்ளையிடம் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியுமா?

பிடி விழுந்தபின் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் நம்மிடையே தவறாகவே பேசப்படுகிறது. மூச்சுத் திணறித்தான் இரை சாகிறது, ஆகவே சில நிமிடங்கள் கையில் உண்டு என்று நினைத்திருந்தோம். 2015-இல் போவா பாம்புகளைக் கொண்டு எலிகளில் நடத்திய ஆய்வு, இறுக்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே இரத்த ஓட்டம் தடைப்படுவதைக் காட்டியது. எட்டடிக்கு மேற்பட்ட பாம்பைத் தனியே கையாளாதே என்ற விதி நம் வட்டத்தில் சும்மா வந்ததல்ல. 2017-இல் இங்கிலாந்தில் 31 வயது நிரம்பிய, நீண்ட அனுபவமுள்ள வளர்ப்பாளர் ஒருவர் எட்டடி ஆப்பிரிக்க மலைப்பாம்போடு தன் அறையில் தனியே இருந்தபோது இறந்தார். தேர்ந்த ஆளுக்கே இரண்டாவது ஆள் வேண்டும் என்று விதி வைத்திருக்கும் நாம், தொட்டிலில் கிடப்பவருக்கு எதை வைத்திருக்கிறோம்?

நாய்கள் இதைவிட அதிகம் பிள்ளைகளைக் கொல்கின்றன என்ற பதில் உடனே வரும். உண்மைதான், நாய்கள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன, பெரும்பாம்புகள் மிகச் சில வீடுகளில்தான். நாய் உறுமும், காது மடக்கும், வீட்டுப் பிள்ளை யார் என்று அறியும். அப்படியும் தவறு நடக்கிறது என்பது நாயோடு கவனமாக இருப்பதற்கான காரணமே அன்றி, உறுமத் தெரியாத பிராணியைப் பிள்ளையின் அறைக்குக் கீழே வைப்பதற்கான காரணம் ஆகாது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட முடியாது. வளர்ந்தால் 3 மீற்றருக்கு மேற்படும் பாம்பினங்களை ரொறன்ரோ நகரசபை தடை செய்திருக்கிறது. எல்லையைத் தாண்டினால் அந்தந்த நகரசபையின் துணைவிதிதான், மாகாணம் முழுவதற்கும் பொதுவான அனுமதிப்பத்திர முறை இல்லை. நான் எல்லைக்கு வெளியே குடியிருந்தேன். என்னை எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

சிறிய பாம்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்து மலைப்பாம்பு எவரையும் நெரிக்காது, இந்தக் கடிதம் அதைப் பற்றியதும் அல்ல. ஆனால் சால்மொனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமிக்குப் பாம்பின் நீளம் பொருட்டில்லை. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை. பாம்புகளோடும் அவற்றுக்குக் கொடுக்கும் எலிகளோடும் தொடர்புபட்ட தொற்றைப் பற்றி 2024-இல் கனடியப் பொதுச் சுகாதார முகமையும் எச்சரித்தது. குளிர்சாதனப் பெட்டியில் மீன் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் எலிப் பொதியை வைத்திருப்பவர்கள் முதலில் அதையாவது மாற்றுங்கள்.

பாம்பை எங்கே கொடுப்பது என்பதே கடினமான பகுதி, அதை மறைக்க மாட்டேன். எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. காப்பகங்கள் நிறைந்து வழிகின்றன. இலவசமாகக் கேட்டு வந்தவர்களில் பலர் கூட்டின் அளவைக்கூடக் கேட்கவில்லை. அந்த ஐந்து மாதமும் அறைக்கு இரண்டாவது பூட்டுப் போட்டு, சாவியை மாமியிடம் கொடுத்து, நானும் தம்பியும் சேர்ந்து நின்றால் மட்டுமே தருமாறு சொல்லி வைத்தேன். பாம்பு இருந்த 9 ஆண்டுகளும் அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல் சொல்லாதவர், சாவியை வாங்கும்போது மட்டும், "இதை முதலே தந்திருக்கலாம் தம்பி" என்றார்.

வெளியே விட்டுவிடுவது என்ற எண்ணம் எவருக்கும் வர வேண்டாம். ஒன்ராறியோவின் குளிரில் அது செத்துப்போகும். செத்துப்போகாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம் சாட்சி. வளர்ப்புப் பிராணி வணிகத்தின் வழியே வந்து தப்பியும் கைவிடப்பட்டும் பெருகிய பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க, 2017-இல் தமிழ்நாட்டிலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும், பாம்பு பிடிப்பதில் பேர்பெற்ற இருளர் பழங்குடியினர் இருவரை அங்கே அழைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. நம்மவர் திறமையில் எனக்குப் பெருமை உண்டு, அந்த வேலை ஏன் தேவைப்பட்டது என்பதில் வளர்ப்பாளன் என்ற முறையில் பெருமை இல்லை.

என் பாம்பு இப்போது, பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போகும் ஒருவரிடம், வீட்டோடு ஒட்டாத தனிக் கட்டடத்தில் இருக்கிறது. கடைசிப் பிள்ளைக்கு எத்தனை வயதாகும்வரை காத்திருக்க வேண்டும் என்று கேட்டால், அந்தப் பாம்பைத் தன் கையால் விலக்கித் தள்ளும் பலம் பிள்ளைக்கு வரும்வரை என்பேன். 13 அடிப் பாம்புக்கு அந்த வயது வரவே வராது. ஆகவே பாம்போ பிள்ளையோ என்ற கேள்வி எழும் வீட்டில் பாம்புதான் போக வேண்டும், அதுவும் பிள்ளை தவழத் தொடங்குவதற்கு முன்னரே.

கொடுக்க முடிவு செய்தவர்கள் எனக்கு எழுதுங்கள். வாங்கி வளர்க்கத் தகுதியான மூவரின் விவரம் என்னிடம் இருக்கிறது. கொண்டுபோகும் நாளில் இரண்டு பேராவது தேவைப்படும். ஒருவராக நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பெரும்பாம்பு வளர்த்த ஒரு தகப்பன்