வுடி ஸ்ட்ரோடின் நடிப்பைப் பற்றி நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

பண்டைய ரோமில் அடிமைகள் நடத்திய கிளர்ச்சியைச் சொல்லும் 'ஸ்பார்டகஸ்' (1960) படம் பற்றிய உங்கள் கட்டுரையில், நாயகன் ஸ்பார்டகஸோடு மோத சூலமும் வலையும் ஏந்தி வரும் அடிமை வீரன் டிராபாவாக நடித்தவரிடம் கட்டுடல் இருக்கிறதே தவிர நடிப்பு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த நடிகர் வுடி ஸ்ட்ரோட். உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தச் சண்டையின் முடிவை மீண்டும் பாருங்கள். ஸ்பார்டகஸின் கழுத்தருகே சூலம் நிற்கிறது; மேலே அமர்ந்திருக்கும் ரோமானியச் சீமான்கள் கொல்லச் சொல்கிறார்கள். டிராபா ஒரு சொல்லும் பேசுவதில்லை. கீழே கிடப்பவனைப் பார்க்கிறார், மேலே இருப்பவர்களைப் பார்க்கிறார், சூலத்தை அவர்களை நோக்கி எறிந்துவிட்டு அந்த மாடத்தின் மீதே தாவி ஏறி உயிரை விடுகிறார். பின்னர் வெடிக்கும் அடிமைகளின் கிளர்ச்சிக்கு வித்தாக அமைவது இந்த மறுப்புதான். இதை வசனமின்றி நம்மை நம்ப வைப்பது நடிப்பில்லையென்றால் வேறு எதை நடிப்பென்று சொல்வது? இந்த வேடம் அவருக்குத் துணை நடிகருக்கான கோல்டன் குளோப் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது.

1914-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த ஸ்ட்ரோட், ஜாக்கி ராபின்சன், கென்னி வாஷிங்டன் என்ற கறுப்பின வீரர்களோடு பல்கலைக்கழக அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கறுப்பினத்தவருக்கு அடைபட்டிருந்த கதவு 1946-இல் திறந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணிக்குள் நுழைந்த இருவர் வாஷிங்டனும் அவரும்தான். ஆனால் அப்போது அவர் முப்பதைக் கடந்துவிட்டார். ஒரே பருவத்தோடு அது முடிந்தது. பிறகு கனடாவில் ஆடினார், மல்யுத்தம் செய்தார்.

ஹாலிவுட் அவருடைய உயரத்தையும் தோற்றத்தையும் மட்டும் வாங்கிக்கொண்டது. எத்தியோப்பிய மன்னர், அமெரிக்கப் பழங்குடியான கொமாஞ்சி இனத்து வீரர், மங்கோலியப் போராளி என வெள்ளையரல்லாத எவராக வேண்டுமானாலும் அவரை நிறுத்தினார்கள். பேசுவதற்கு மிகக் குறைவாகவே கொடுத்தார்கள். அந்தக் குறைவுக்குள்ளும் அவர் செய்ததைக் கவனியுங்கள்: 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) தொடக்கத்தில், ரயிலுக்குக் காத்திருக்கும் கொலைகாரராக, தலையில் சொட்டும் நீரைத் துடைக்காமல் தொப்பியை அணிந்து, அதில் தேங்கும் நீரைக் கடைசியில் குடிக்கிறார். சில நிமிடங்களே வரும் அந்த மனிதரின் நிதானம் படம் முடிந்த பிறகும் மனத்தில் நிற்கிறது. அதே ஆண்டில் இத்தாலிய இயக்குநர் வலேரியோ சுர்லினி, காங்கோவின் விடுதலைத் தலைவர் லுமும்பாவின் கதையைத் தழுவிய படத்தில் அவரை நாயகனாக்கினார். அப்படியொரு வேடத்துக்கு அவர் கடல் கடக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஹாலிவுட்டில் அவருக்கு நியாயம் செய்ய முயன்றவர் இயக்குநர் ஜான் ஃபோர்டு. 'சார்ஜண்ட் ரட்லெட்ஜ்' (1960) படத்தில், பாலியல் வன்முறை, கொலைக் குற்றச்சாட்டுகளின் பேரில் இராணுவ நீதிமன்றத்தில் நிற்கும் கறுப்பினக் குதிரைப்படை வீரர் அவர்தான். தலைப்பே அவருடைய பாத்திரத்தின் பெயர்; இருந்தும் நடிகர் பட்டியலில் ஜெஃப்ரி ஹண்டருக்கும் கான்ஸ்டன்ஸ் டவர்ஸுக்கும் பின்னால்தான் அவர் பெயர் வருகிறது. கட்டுரையைத் திருத்துவதற்கு முன் இந்தப் படத்தை அவசியம் பாருங்கள். தப்பியோடிய பிறகு ஏன் திரும்பி வந்தாய் என்று வழக்கறிஞர் துருவும்போது, அதுவரை விறைப்பாக அடக்கிவைத்திருந்த குரல் உடைந்து, ஒன்பதாம் குதிரைப்படைதான் தன் வீடு, தன் விடுதலை, தன்மானம் என்று அவர் சொல்லும் இடத்தைப் பார்த்த பிறகு, உங்கள் கருத்தை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்