மருத்துவர் கட்டணத்தில் ஜிப் கோடின் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவர்களின் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனங்களிடம் கோரிப் பெறும் அமெரிக்க மருத்துவ பில்லிங் பணி குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, சிகிச்சைக்குரிய குறியீட்டு எண்ணைச் (கோடு) சரியாகப் போட்டுவிட்டால் மருத்துவருக்குச் சேரவேண்டிய தொகை தானாக வந்துவிடும் என்ற எண்ணத்தைத் தருகிறது. பணியிடத்தில் காயமடைந்த தொழிலாளர்களுக்கான இழப்பீட்டு பில்களை நாள்தோறும் கையாளும் எனக்கு, சிகிச்சை நடந்த இடத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறையாகவே படுகிறது.

கலிஃபோர்னியாவில், 2012ஆம் ஆண்டின் எஸ்.பி. 863 சட்டத்தையொட்டி, இந்த இழப்பீட்டு பில்களுக்கான மருத்துவர் கட்டண அட்டவணை, முதியோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேரின் முறைக்கு 2014 முதல் மாறியது. தொடக்கத்தில் மாநிலம் முழுவதற்கும் ஒரே சராசரிக் காரணிதான் (செலவு நிலைக்கேற்பக் கட்டணத்தைக் கூட்டியோ குறைத்தோ காட்டும் பெருக்கல் எண்) இருந்தது. 2019 ஜனவரி 1 முதல்தான் வட்டாரவாரியான காரணிகள் நடைமுறைக்கு வந்தன. மருத்துவரின் உழைப்பு, கிளினிக்கை நடத்தும் செலவு, தொழில்முறைத் தவறுகளுக்கான காப்பீடு ஆகிய மூன்றின் மதிப்பையும் அந்தந்த வட்டாரக் காரணியால் தனித்தனியே பெருக்கிக் கூட்டிய பிறகே டாலர் கணக்கு வருகிறது. உழைப்புக்கான காரணியில் வட்டார ஊதிய வேறுபாட்டின் கால் பங்கு மட்டுமே சேர்க்கப்படுவதால், ஊருக்கு ஊர் தென்படும் ஏற்றத்தாழ்வில் பெரும்பகுதி வாடகையும் ஊழியர் சம்பளமும் அடங்கிய நடத்தும் செலவிலிருந்தே பிறக்கிறது.

எந்த ஊரின் காரணி என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட மருத்துவக் குழு ஒன்று, ஃபிரெஸ்னோ கிளையில் ஒரு தொழிலாளியின் தோள்பட்டைக்குச் சிகிச்சை அளிக்கிறது என்று கொள்வோம். பில் படிவத்தின் 33ஆம் கட்டத்தில் பணம் பெறுபவரின் முகவரியாக சான் ஃபிரான்சிஸ்கோ இருக்கலாம். ஆனால் கட்டணத்தைத் தீர்மானிப்பது சிகிச்சை நடந்த இடத்தைக் குறிக்கும் 32ஆம் கட்டத்தில் வரும் ஃபிரெஸ்னோவின் ஜிப் கோடுதான் (அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண்). அந்தக் கட்டத்தில் வழக்கமான தலைமையிட முகவரியே தானாக விழும்படி மென்பொருளை அமைத்துவைத்தால், செலவு அதிகமான ஊரின் காரணியால் உரியதைவிடக் கூடுதலான தொகை வந்து பின்னர் திருப்பிக் கொடுக்க நேரும். மாறாக, தலைமையிடம் ஃபிரெஸ்னோவிலும் கிளை சான் ஃபிரான்சிஸ்கோவிலும் இருந்தால் மருத்துவருக்கு இழப்பு.

இடம் என்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. சொந்த கிளினிக்குக்கு 11, மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு 22 என்று போடப்படும் கோடு மாறினாலே பல சிகிச்சைகளுக்கு மருத்துவரின் தொகை குறையும். நடத்தும் செலவை அங்கே மருத்துவமனை ஏற்கிறது என்பதே காரணம்.

வட்டாரவாரி முறை சராசரி முறையைவிட நியாயமானது என்பதே என் கருத்து. எனினும் அது செலவைத்தான் அளக்கிறது, மருத்துவர் கிடைக்கும் அருமையை அளப்பதில்லை. பற்றாக்குறைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதக் கூடுதல் தொகை உண்டு என்றாலும், வாடகை குறைவு என்பதற்காக முதலில் குறைத்துவிட்டுப் பிறகு ஊக்கத்தொகை தருவது எனக்கு அரைகுறை ஏற்பாடாகவே தோன்றுகிறது.

தவறான வட்டாரத்தைக் கொண்டு காப்பீட்டு நிறுவனம் தொகையைக் குறைத்திருந்தால், குறைப்புக்கான அதன் விளக்கக் கடிதம் கிடைத்த 90 நாட்களுக்குள் அந்த நிறுவனத்திடமே இரண்டாம் மறுபரிசீலனை கோரலாம். அதிலும் தீராத கட்டணத் தகராறை 30 நாட்களுக்குள் இரு தரப்பையும் சாராத சுதந்திர பில் மறுஆய்வுக்குக் கொண்டுசெல்லலாம். கெடு தவறிவிட்டால், 32ஆம் கட்டத்தில் எவ்வளவு சரியான ஜிப் கோடு இருந்தாலும் அந்த வித்தியாசத் தொகையைப் பெற வழியில்லை.

இப்படிக்கு,
மருத்துவ பில்லிங் பணியிலுள்ள வாசகர்