கன்றை விற்கும் முன்னே சோதித்துத் தாருங்கள்

வாழைக்கன்றுகளுக்குத் தரச்சான்று வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் மட்டி வாழை போட்டிருக்கும் விவசாயி எழுதுகிறேன். வைரஸால் வரும் முடிக்கொத்து நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்து கிடையாது, கன்றிலேயே பிடித்தால் குலை தள்ளாது, தோண்டி அழிப்பதுதான் வழி.

போன ஆண்டு சான்று ஒட்டிய 400 திசு வளர்ப்புக் கன்றுகள் (ஆய்வகத்தில் வளர்த்தவை) வாங்கினேன். மூன்றாம் மாதம் இலைகள் குறுகி உச்சியில் அடைத்துக்கொண்டு நின்றன. இலையைப் பறித்து ஐஸ் பெட்டியில் வைத்து, ராத்திரி பஸ் ஏறி, வெளிமாவட்ட ஆய்வகம் ஒன்றில் கொடுத்தேன். முடிவு வர 26 நாள். முடிவு வரட்டும் என்று நான் காத்திருந்த அத்தனை நாளும் நோயைப் பரப்பும் அசுவினிப் பூச்சி அடுத்த விளைக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே அண்ணாச்சிக்கு 60 மூடு போயிற்று. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வைரஸைக் கண்டுபிடிக்க அங்கே செய்யும் பி.சி.ஆர். சோதனைக்குச் சில மணி நேரம் போதும். வரிசையில் கிடப்பதுதான் தாமதம் என்று அங்கிருந்தவர் சொன்னார். 95 டிகிரியில் டி.என்.ஏ. இழைகள் பிரியும். சூடு தணிந்ததும் இந்த வைரஸுக்கென்றே செய்த பிரைமர் என்ற சின்ன டி.என்.ஏ. துண்டு தன் இடத்தில் ஒட்டும். 72 டிகிரியில் நொதி புது இழையைக் கட்டும். சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பதால் 30 சுற்றில் ஒரு துண்டு 100 கோடியைத் தாண்டிவிடும். கன்று பச்சையாக நிற்கும்போதே உள்ளிருக்கும் வைரஸ் அதனால்தான் அகப்படுகிறது. கண்ணால் பார்த்து ஒட்டும் சான்றில் அது அகப்படாது, ஐயா.

எல்லாக் கன்றையும் சோதிக்கச் சொல்லவில்லை. ஒரு தாய்க் கிழங்கிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்று எடுக்கிறார்கள். அந்தத் தாயைச் சோதியுங்கள். விற்பனைக்கு வரும் தொகுதியில் சிலவற்றைச் சோதியுங்கள். முடிவை எங்களுக்குக் காட்டிவிட்டு விற்கச் சொல்லுங்கள்.

கொரோனா காலத்தில் நம் மாவட்டத்திலேயே பி.சி.ஆர். பார்த்தார்கள். வாழைக்கு மட்டும் நாங்கள் ஏன் ராத்திரி பஸ் ஏற வேண்டும்? 2023-ல் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. பழனி மலையில் விருப்பாட்சி வாழையை இதே நோய் பெருமளவு அழித்தது நீங்கள் அறிந்ததே. மட்டியும் அந்த வழியில் போனால் குறியீட்டை வைத்துக்கொண்டு எதை நடுவது?

கோபத்தில் ஏதும் கூடிப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நடவுக்கு முன் கன்றுகளைச் சோதித்துத் தாருங்கள். சோதிக்கும் வசதியை மாவட்டத்துக்குள்ளேயே செய்து தாருங்கள். பணிவோடு கேட்கிறேன்.

இப்படிக்கு,
மட்டி விவசாயி ஒருவன்