தூக்குவாளி என்னிடம்தான் இருக்கிறது

கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் சிலருக்கு இந்த நன்றி மடல். சித்தியைத் தவிர ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கைபேசியும் அன்று மதியத்தோடு அணைந்துவிட்டது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டிப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், கீழே வரும் அடையாளங்களை வைத்து ஆளைக் கண்டுபிடித்து வாசித்துக் காட்டுங்கள்.

என் அடையாளத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆனி மாதத்தில், பச்சை ஹெல்மெட்டும் சுடிதாருமாக, கியர் சைக்கிளில் வந்த மதுரைக்காரி. வயது 47. "பஸ்ஸுக்குக் காசு இல்லையா தாயி?" என்று டீக்கடைக்கு டீக்கடை கேட்டீர்களே, அவள்தான்.

முதல் நன்றி உத்தமபாளையத்துச் சித்திக்கு. அவரைத் தேட வேண்டியதில்லை, ஆனாலும் எழுத்தில் பார்த்தால் சந்தோஷப்படுவார். நாலரை மணிக்கு எழுந்து காப்பி போட்டுக் கொடுத்தவர், "பெரிய ரோட்டுல போகாத, கிழக்கால மலையடியில போ" என்றார். ஒரு வாரம் வரைபடத்தைப் பார்த்து நான் போட்டு வைத்திருந்த வழி அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போனது. திண்டுக்கல்–குமுளி நெடுஞ்சாலையில் லாரி, பஸ், போதாததற்கு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன்னே ஆள் ஏற்றிக்கொண்டு பறக்கும் ஜீப்புகள். அதை விட்டுக் கிழக்கே திரும்பினால் ராயப்பன்பட்டிக்கு வரும்போதே சத்தம் அடங்கிவிடுகிறது. அங்கிருந்து தெற்கே மிதித்தால் இடது கைப்பக்கம் மேகமலை, வலது பக்கம் பள்ளத்தாக்குக்கு அப்பால் கேரள எல்லை மலைகள். நடுவில் தென்னை, வாழை, திராட்சை. ஒரு மணி நேரத்தில் எதிரே வந்தவை பால் கேன் கட்டிய இரண்டு பைக், ஓர் ஆட்டு மந்தை, ஒரு பள்ளிக்கூட வேன். அவ்வளவுதான்.

காற்றைப் பற்றி மட்டும் சித்தி சொல்லவில்லை. கூடலூர்ப் பக்கமிருந்து பள்ளத்தாக்கு நெடுக அடித்த காற்று நேரே முகத்தில் மோதியது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஆனியிலேயே இந்த வீச்சு என்றால் என் 13 கிலோ சைக்கிள் எம்மாத்திரம்? சமதளத்தில் மலையேற்றக் கியரைப் போட்டு மிதித்தேன். அதிலும் ஒரு நன்மை. மெதுவாகப் போனால்தான் பந்தலுக்குள் பார்க்க முடிகிறது. வரிசை வரிசையாகக் கல்தூண், மேலே கம்பி வலை, அதில் கொடி படர்ந்து பச்சைக் கூரை. சைக்கிள் நகர நகர ஒவ்வொரு தூண் சந்தும் ஒரு நொடி திறந்து மூடிக்கொள்ளும். உள்ளே கோயில் பிரகாரம் மாதிரி இருட்டு.

இரண்டாவது நன்றி, ஆனைமலையன்பட்டியைத் தாண்டியதும் சாரல் பிடித்தபோது என்னை மோட்டார் ரூமுக்குள் கூப்பிட்ட பெரியவருக்கு. பந்தலுக்கு அடியில் நின்றால் நனையாது என்று நம்பியது என் மடத்தனம். மழை நின்றாலும் இலை நிற்பதில்லை. ஐயா, தோளில் சிவப்புத் துண்டு போட்டிருந்தீர்கள், வாயில் வெற்றிலை. அந்தச் சாலையில் எனக்கு ஒரு குழப்பம் இருந்தது: ஒரு தோட்டத்தில் மொட்டைக் குச்சி, அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் கறுத்த குலை. ஒரே ஊரில், ஒரே வாரத்தில், எப்படி? "நாம எப்ப கவாத்து வெட்டுறமோ அன்னைக்கு ஆரம்பிக்குது கணக்கு. நாலு மாசத்துல பழம்" என்றீர்கள். ஆளுக்கொரு நாளில் கொடியை வெட்டிக் கழிப்பதால் இங்கே வருடம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் அறுவடை. மகாராஷ்டிரத்தில் வருடத்துக்கு ஒரு தடவைதான் பறிப்பு என்று படித்திருந்தேன். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியையும் படித்திருந்தேன். இதைப் படித்ததில்லை.

நீங்கள் பேசும்போதெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். பழுத்த குலையில் மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும் என்றும், ஈரம் தங்கினால் நோய் வரும், மறுபடி மருந்தடிக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். நான் ரசித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த சாரல் உங்களுக்கு நஷ்டக் கணக்கு. அந்தக் கவலையிலும் ஒரு குலையை வெட்டிக் கையில் கொடுத்தீர்கள். நான் காசை நீட்டினேன். உங்கள் முகம் மாறியது. அதற்கு மன்னிப்பு. பழம் தோல் கனத்து, விதையோடு, சித்தி வீட்டுப் பன்னீர்ச் செம்பின் வாசத்தோடு இருந்தது. விதையில்லாத பழம் தேடி வாங்குகிறவர்கள் எதை இழக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வர வேண்டாம்.

அப்புறம் பஞ்சர். வாய்க்கால் கரையில் போனால் இன்னும் அமைதியாக இருக்குமே என்று பேராசைப்பட்டதற்குச் சீமைக்கருவேல முள் கிடைத்தது. மாற்று டியூப் இருந்தது. பம்ப் சித்தி வீட்டுத் திண்ணையில் இருந்தது. தள்ளிக்கொண்டே நடந்தேன். காலையில் குடித்த காப்பியையும் அந்த ஒரு குலையையும் தவிர வயிற்றில் ஒன்றும் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு பழம் வெட்டிக்கொண்டிருந்த எட்டுப் பேருக்கு மூன்றாவது நன்றி. இந்த மடலே முக்கியமாக உங்களுக்குத்தான். "ஏத்தா, ஆடுறா பாரு, பிடி" என்று ஒரு குரல் கேட்டது. அடுத்து நினைவுக்கு வரும்போது நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், ஒரு அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். நீச்சத்தண்ணியை உப்புப் போட்டுக் கொடுத்தீர்கள். கல்யாணம் ஆயிருச்சா, வீட்டுக்காரருக்குத் தெரியுமா, எத்தனை பிள்ளை, எல்லாக் கேள்வியும் வந்தது. ஆனால் தண்ணீர் கொடுத்த பிறகுதான் வந்தது. புளிக்குழம்புச் சோறு இருந்த தூக்குவாளியை வற்புறுத்திக் கையில் திணித்தவர் உங்களில் மூத்தவர், மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அது அவருடைய மதியச் சாப்பாடு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. வண்டியில் ஏறிப் பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது.

வண்டி என்றது குட்டியானையை. பழப் பெட்டி ஏற்றிப் போக வந்த தம்பி, சைக்கிளை மேலே போட்டால் பழம் நசுங்கும் என்று ஏற்றிய பெட்டிகளில் பாதியை இறக்கி, ஓரமாக இடம் செய்து, மறுபடி அடுக்கினார். கால் மணி நேர வேலை. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். பரவாயில்லை, செய்தார். வழியில், 2023-ல் அரிக்கொம்பன் இந்தப் பக்கம் சுற்றியபோது தோட்டத்துக்கே போகாமல் வீட்டில் கிடந்த கதையைச் சொன்னார். அந்த ஜூனில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டார்களே, அந்த யானை. "அதுவரைக்கும் எங்க ஊர்ல யானைன்னா இந்தக் குட்டியானை ஒண்ணுதான்க்கா" என்று ஸ்டீரிங்கைத் தட்டினார்.

காமயகவுண்டன்பட்டியில் பஞ்சர் ஒட்டிய அண்ணனுக்கு: புது டியூபை நான் அவசரமாக நீட்டியபோது வாங்கவே இல்லை நீங்கள். டயரின் உள்பக்கம் முழுக்க விரலை ஓட்டி, ஒடிந்து நின்ற முள் நுனியை இடுக்கியால் எடுத்துக் காட்டினீர்கள். அதை விட்டிருந்தால் புது டியூபும் பத்து நிமிஷத்தில் போயிருக்கும். ஆறு வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறேன், அதுவரை ஒரு நாளும் விரலை ஓட்டிப் பார்த்ததில்லை.

சுருளி அருவிச் சாலையில் மாலை நாலரைக்கு வழிமறித்துத் திருப்பி அனுப்பிய வனக்காவலருக்கும் நன்றி, அன்று நான் முகம் சுளித்தேன் என்றாலும்.

மூன்றாம் நாள் லோயர் கேம்ப் வரை போனேன். மலைச் சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் இறங்குகின்றன. மேற்கே கடலுக்குப் போகவேண்டிய பெரியாற்றுத் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக 1895-லிருந்து இந்தப் பக்கம் வருகிறது. அதற்கு அணை கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தில் ஒரு தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலில் நிற்பது போல நின்றார். பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15-ல் பொங்கல் வைக்கும் ஊர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. திரும்பும்போது 14,707 ஏக்கர் முதல்போகத்துக்கான நாற்றங்கால்கள் பச்சை கட்டத் தொடங்கியிருந்தன. காற்று அப்போது முதுகில். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை.

சரி, தூக்குவாளி விஷயம். கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். அடியில் ஒரு பெயரும் வருடமும் வெட்டியிருக்கிறது. யாரோ மொய்யாகச் செய்த பாத்திரமாக இருக்க வேண்டும். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, சரியாகச் சொல்பவர்தான் சொந்தக்காரர். ஆவணியில் மறுபடி வருகிறேன், பம்ப்போடு. வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வீட்டிலும் வழக்கமில்லை. அம்மா அதிரசம் சுட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் எட்டுப் பேர், வாளி சிறிசு. இன்னொரு டப்பாவும் கொண்டுவருகிறேன். அதைத் திருப்பித் தர வேண்டாம்.