45 டிகிரி எங்கே போச்சு?

அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, நாற்று விட்டாச்சு. நீ போனில் கேட்டது வாயால் சொன்னால் விளங்காது, அதான் கடிதம்.

நீள்வட்டத்துப் புள்ளிக்குக் கிடைத்தூரம் a காஸ் தீட்டா, உயரம் b சைன் தீட்டா என்ற சூத்திரத்தில் தீட்டா 45 என்று எடுத்துப் புள்ளி வைத்த உன் வகுப்புப் பிள்ளைகள், மையத்தில் பாகைமானி வைத்தால் 31தான் வருகிறது என்கிறார்களாமே. கெட்டிக்காரப் பிள்ளைகள். என் காலத்தில் ஒருத்தனும் அளந்து பார்த்ததில்லை. அரை நெட்டச்சு (நீளத்தில் பாதி) a 5, அரைக் குற்றச்சு (அகலத்தில் பாதி) b 3 என்றால் 31 வருவதுதான் சரி. அந்த 45 நீள்வட்டத்துப் புள்ளி மையத்தில் காட்டும் கோணமே இல்லை. நெட்டச்சை விட்டமாக வைத்து வெளியே துணை வட்டம் போடு, அதில் 45-இல் ஒரு புள்ளி வை. அங்கிருந்து நெட்டச்சுக்குச் செங்குத்தாக இறங்கும்போது நீள்வட்டத்தை வெட்டுகிற இடம்தான் நம் புள்ளி. கிடைத்தூரம் மாறாது, உயரம் மட்டும் ஐந்தில் மூன்று பங்காகும். டான் 45 ஒன்று, அது 0.6 ஆகிறது. அதற்குரிய கோணம் 31-க்குத் துளி கம்மி. 0, 90, 180, 270 இந்த நாலு இடத்தில் மட்டும் இரண்டு கோணமும் ஒன்று.

தீட்டாவைக் கண்ணால் காட்ட வேண்டுமா? உன் அண்ணன் வீட்டுக்கு ஆசாரி ஓவல் மேசை செய்கிறார், 5 அடிக்கு 3 அடி. பிளைவுட் நடுவில் குறுக்கும் நெடுக்கும் காடி எடுத்த பலகை. ஒரு ரீப்பர் நுனியில் பென்சில், அதிலிருந்து 18 அங்குலத்தில் ஒரு ஆணி, 30 அங்குலத்தில் இன்னொன்று. கிட்ட இருக்கும் ஆணி நீளக் காடியில் ஓடும், எட்ட இருப்பது குறுக்குக் காடியில். ரீப்பரைச் சுற்றினால் மேசை விளிம்பு விழும். நீளக் காடிக்கு ரீப்பர் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, அதுதான் தீட்டா! எட்ட ஆணியால் கிடைத்தூரம் 30 காஸ் தீட்டா, கிட்ட ஆணியால் உயரம் 18 சைன் தீட்டா. அட்டையில் இதைச் செய்து வகுப்புக்குக் கொண்டு போ. கெப்ளரும் 1609-இல் செவ்வாயின் பாதைக்குக் காலக்கணக்குப் போட்டது இந்தக் கோணத்தை வைத்துத்தான்.

அடுத்து கான்ஜுகேட் விட்டம் வரும், ஒன்றுக்கு இணையான நாண்களை எல்லாம் மற்றது பாதியாக வெட்டுகிற விட்ட ஜோடி. முனைகளின் தீட்டா வித்தியாசம் 90 என்றதும் படத்தில் செங்கோணம் தேடுவார்கள். 45-க்கும் 135-க்கும் நடுவே படத்தில் 118 டிகிரி இருக்கும், முதலிலேயே சொல்லிவிடு கண்ணு. ஆனால் மையத்திலிருந்து இரண்டு முனைக்கும் உள்ள தூரங்களின் வர்க்கத்தைக் கூட்டினால் நம் 5, 3 நீள்வட்டத்தில் எந்த ஜோடிக்கும் 34தான். அதை அவர்களையே கண்டுபிடிக்க விடு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா
கோபி