செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஆட்டம் எந்தத் திரையில்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒஹையோ மாநிலத்தின் டொலீடோவில் கல்லூரி விளையாட்டுகளைச் சேர்ந்து பார்ப்பதற்கென்று தொடங்கிய நமது சிறு சங்கத்தின் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். இந்த ஓராண்டில் செயற்குழு ஐந்து முறை கூடியது. ஆண்டுத் தொடக்கத்தில் 34 குடும்பங்களாக இருந்தோம். இரண்டு குடும்பங்கள் வேலை மாற்றலாகி வெளியூர் சென்றன, ஐந்து புதிதாகச் சேர்ந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வழக்கமான செய்திகள் இவ்வளவே. மற்றபடி செயற்குழுவின் நேரம் முழுவதையும் ஒரே கேள்வி எடுத்துக்கொண்டது. நம் ஊர்ப் பல்கலைக்கழகம் ஆடும் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் போன்ற சிறிய கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்புகள் கேபிள் தொலைக்காட்சியை நம்பியிருப்பதா, இணைய ஒளிபரப்புக்கு முழுமையாக மாறிவிடுவதா? அந்தக் கூட்டமைப்புக்குள்ள கேள்விதான் நமது சங்கத்துக்கும் உள்ள கேள்வி.

இதை நம் வாசலுக்கே கொண்டுவந்தது சென்ற செப்டம்பர் மாதம். நாம் கூடும் உறுப்பினர் வீட்டின் நிலவறையில் இருக்கும் செயற்கைக்கோள் இணைப்புக்கு மாதக் கட்டணத்தில் பாதியைச் சங்கம் கொடுத்துவருவது உங்களுக்குத் தெரியும். செப்டம்பர் 1ஆம் தேதி மாலை விளையாட்டு அலைவரிசைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் மறைந்தன. இணைப்பு தருபவருக்கும் அலைவரிசை உரிமையாளருக்கும் கட்டணத் தகராறு. இரண்டு வாரம் திரையில் ஓர் அறிவிப்பு மட்டும் நின்றது. 14ஆம் தேதி சனிக்கிழமை டொலீடோவின் அமெரிக்கக் கால்பந்து அணி மிசிசிப்பிக்குச் சென்று மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழக அணியைச் சந்திக்க இருந்தது. தகராறு தீர்ந்தது என்ற செய்தி அன்று காலைதான் வந்தது. மாலையில் 20 பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படம் வருமா வராதா என்று தெரியாமல் ரிமோட் வைத்திருந்தவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். படம் வந்தது. தென்கிழக்குக் கூட்டமைப்பைச் சேர்ந்த பெரிய அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 41–17 என்று நம் பிள்ளைகள் வென்றார்கள். அந்த இரவின் மகிழ்ச்சியை நான் எழுதி விளக்க வேண்டியதில்லை. ஆனால் தகராறு இன்னும் ஒரே ஒரு நாள் நீடித்திருந்தால் அந்த ஆட்டத்தை மறுநாள் நாளிதழில்தான் படித்திருப்போம் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

பருவத்தின் முடிவும் மறக்க முடியாதது. டிசம்பர் 26 அன்று டெட்ராய்ட் ஃபோர்டு ஃபீல்டு அரங்கில் பிட்ஸ்பர்க் அணியை ஆறு கூடுதல் சுற்றுகளுக்குப் பிறகு 48–46 என்று வென்றோம். பருவ இறுதிச் சிறப்பாட்டங்களில் இவ்வளவு கூடுதல் சுற்றுகள் வரை சென்றது வேறில்லை. உறுப்பினர்களில் சிலர் நேரிலேயே சென்றுவந்தார்கள்.

இனி கேள்விக்கு வருகிறேன். மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் 1946இல் தொடங்கியது. ஒஹையோ, மிச்சிகன், இண்டியானா, இல்லினாய், நியூயார்க் மாநிலங்களின் நடுத்தர ஊர்க் கல்லூரிகள் 2024–25 பருவத்தில் அதில் இருந்தன. ஈ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனத்துடன் 2014இல் செய்துகொண்ட 13 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் 2026–27 பருவம் வரை செல்லும். அதன் மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல் என்று அப்போது செய்திகள் வந்தன. கேட்க மலைப்பாக இருக்கும். 12 கல்லூரிக்கும் 13 ஆண்டுக்கும் பிரித்துப் பாருங்கள்: ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு ஆறரை லட்சம் டாலர் அளவில்தான் வருகிறது. நம் பக்கத்து வீடான பிக் டென் கூட்டமைப்பு 2022இல் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் பெற்றது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் ஒரே ஊர்ப் பிள்ளைகளை இரு பக்கமும் அழைக்கிறார்கள் என்பதால் வைத்துப் பார்க்கவும் வேண்டியிருக்கிறது. 2025 ஜூன் 6ஆம் தேதி நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிர்ந்து கொடுக்கலாம். நம் கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு எட்டாக் கனி.

கேபிள் நமக்குக் கொடுத்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சனிக்கிழமைகளில் பெரிய கூட்டமைப்புகள் எல்லாத் திரைகளையும் நிரப்பிவிடும். அதனால் நம் கூட்டமைப்பு நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆட ஒப்புக்கொண்டது. 2011 நவம்பர் 1ஆம் தேதி, ஒரு செவ்வாய்க்கிழமை, நம் கிளாஸ் போல் மைதானத்தில் நார்தர்ன் இல்லினாய் 63, டொலீடோ 60 என்று முடிந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். நாம் தோற்ற ஆட்டம்தான். ஆனால் அந்த இரவில் கலிபோர்னியாவில் இருந்தவருக்கும் டொலீடோ என்று ஓர் ஊர் இருப்பது தெரிந்தது.

அதற்கு நாம் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். சென்ற நவம்பர் 20, புதன் இரவு, ஒஹையோ பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். மறுநாள் வகுப்பு, வேலை, பள்ளி. குழந்தைகளை அழைத்துவர முடியவில்லை என்று பாதிக் குடும்பங்கள் சொல்லிவிட்டன. குளிரில் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தபோது எதிர்ப்பக்க இருக்கைகள் வரிசை வரிசையாகக் காலியாகத் தெரிந்தன. தொலைக்காட்சிக்காக ஆடும் ஆட்டத்தில் நேரில் வந்தவர்கள் விருந்தாளிகள் போல ஆகிவிடுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு சனிக்கிழமையைக் கொடுத்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. இது என் சொந்தக் கருத்து என்பதையும் பதிவு செய்கிறேன்.

கேபிளின் அடித்தளமும் கரைந்துவருகிறது. 2011இல் ஈ.எஸ்.பி.என். சுமார் 10 கோடி வீடுகளில் தெரிந்தது. 2023இல் அது 7 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. கூட்டமைப்புக்குக் கிடைக்கும் பணமெல்லாம் அந்த வீடுகள் மாதாமாதம் கட்டும் தொகையிலிருந்துதான் வருகிறது. விளையாட்டே பார்க்காத வீடும் சேர்ந்து கட்டியதால்தான் இதுவரை வண்டி ஓடியது.

தானே ஓர் அலைவரிசை தொடங்கிப் பார்த்த கூட்டமைப்பும் உண்டு. மேற்கே மவுண்டன் வெஸ்ட், ஈ.எஸ்.பி.என். கேட்ட நடுவார ஆட்டங்களில் மனம் கசந்து விலகி, 2006 செப்டம்பரில் தனக்கென்றே ஒரு கேபிள் அலைவரிசையைத் தொடங்கியது. ஒரு கூட்டமைப்புக்கென்று நாட்டில் தனி அலைவரிசை வந்தது அதுவே முதல் முறை. துணிச்சலான முயற்சி, நான் மதிக்கிறேன். ஆனால் பல வீடுகளில் அது தெரியவே இல்லை. யூட்டா, பிரிகாம் யங் பல்கலைக்கழகங்கள் வெளியேறின, டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகமும் கிளம்பியது, 2012 மே 31ஆம் தேதி அலைவரிசை மூடப்பட்டது. கான்ஃபரன்ஸ் யு.எஸ்.ஏ. என்ற கூட்டமைப்பின் கதை இன்னும் கடுமையானது. பெரிய நகரக் கல்லூரிகள் பிரிந்துபோன பிறகு 2016இல் ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தபோது, கல்லூரிக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வந்துகொண்டிருந்தது சுமார் இரண்டு லட்சமாகச் சுருங்கியது. மறு ஆண்டு அவர்களுடைய சில ஆட்டங்களை ஃபேஸ்புக்கில் மட்டுமே பார்க்க முடிந்தது. இப்போது அவர்களும் அக்டோபர் முழுவதும் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகிறார்கள்.

அப்படியானால் இணையம்தான் வழியா என்று மூன்றாம் செயற்குழுக் கூட்டத்தில் காரசாரமாகப் பேசினோம். இளைய உறுப்பினர்கள் எல்லோரும் ஆம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம் உறுப்பினர் ஒருவரின் மகள் பல்கலைக்கழக மாணவி, ஈ.எஸ்.பி.என். நிறுவனத்தின் இணையச் சேவையான ஈ.எஸ்.பி.என். பிளஸ் ஒளிபரப்புக்குக் கேமரா பிடிக்கிறாள். அக்டோபரில் சாவேஜ் அரங்கில் பெண்கள் கைப்பந்து ஆட்டத்தன்று அவளைப் பார்க்கச் சென்றேன். முக்காலியின் ஒரு கால் வழுக்காமலிருக்க அடியில் டேப் ஒட்டியிருந்தாள். கம்பிச் சுருளை எட்டு வடிவில் மடித்து மடித்துக் கையில் சேர்த்தாள். அப்படிச் சுற்றினால்தான் அடுத்த முறை முறுக்கிக்கொள்ளாதாம். பக்கத்தில் இரண்டு மாணவர்கள் வர்ணனை. முழு ஒளிபரப்பையும் நடத்தியவர்களில் பெரும்பாலோர் இருபது வயதுப் பிள்ளைகள். அந்த ஆட்டத்தைக் கேபிள் எந்தக் காலத்திலும் காட்டியிருக்காது. வேறு மாநிலத்தில் இருக்கும் ஓர் ஆட்டக்காரியின் பெற்றோர் ஒவ்வொரு ஆட்டத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள் என்று அவள் சொன்னாள். கைப்பந்து, மென்பந்து, பெண்கள் கால்பந்து எல்லாவற்றுக்கும் ஒரு திரை கிடைத்தது என்றால் அது இணையத்தால்தான். இதை மறுப்பவர் யாரும் இல்லை.

ஆனால் விலை நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஈ.எஸ்.பி.என். பிளஸ் 2018 ஏப்ரலில் தொடங்கியபோது மாதம் 4.99 டாலர். 2024 அக்டோபரில் அது 11.99 ஆனது. மற்றக் கூட்டமைப்புகளிலும் இதே கதைதான். மொன்டானா பக்கத்து பிக் ஸ்கை தன் ஆட்டங்களை முதலில் தன் தளத்திலும் பிறகு புளூட்டோ டிவியிலும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, 2021இல் சந்தா கேட்கும் ஈ.எஸ்.பி.என். பிளஸ்ஸுக்குச் சென்றது. கிழக்குக் கரையில் கலோனியல் அத்லெடிக் கூட்டமைப்பு 2019இல் ஃபுளோஸ்போர்ட்ஸ் என்ற இணைய ஒளிபரப்பு நிறுவனத்துடன் சேர்ந்தபோது மாதச் சந்தா ஏறத்தாழ 30 டாலர். ரசிகர்கள் கொதித்தார்கள்.

நான் இந்த அறிக்கையில் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் தாயார், 81 வயது, தஞ்சாவூரிலிருந்து வந்து மகனோடு இருக்கிறார். பெண்கள் கூடைப்பந்து என்றால் அவருக்கு உயிர். ஆட்டக்காரிகளின் பெயர் வாயில் நுழையாததால் சட்டை எண்ணைச் சொல்லித்தான் திட்டுவார், பாராட்டுவார். நம் ஊர்க் கேபிள் நிறுவனத்தின் விளையாட்டு அலைவரிசையான பி.சி.எஸ்.என். உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களையும் டொலீடோ பல்கலைக்கழக ஆட்டங்களையும் காட்டிவருவது உங்களுக்குத் தெரியும். அந்த அலைவரிசை எண்ணை மகன் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரியில் எழுதி ரிமோட்டின் பின்பக்கம் ஒட்டிக் கொடுத்திருந்தார். அம்மா யாரையும் எதிர்பார்க்காமல் தானே எண்ணை அழுத்திப் பார்ப்பார். சென்ற குளிர்காலத்தில் மகன் கேபிளை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறினார். புதிய ரிமோட்டில் எண்களே இல்லை. கடவுச்சொல் கேட்டால் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஒவ்வோர் எழுத்தாகச் சேர்க்க வேண்டும். ஜனவரியில் நான் அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது ஆட்டம் தொடங்கி அரை மணி ஆகியிருந்தது. அணைந்த தொலைக்காட்சி முன் அவர் உட்கார்ந்திருந்தார். “பையன் வேலையிலிருந்து வரட்டும் தம்பி, வந்து போடுவான்” என்றார். பழைய ரிமோட் பிளாஸ்திரியோடு மேசைமேலேயே இருந்தது.

கூட்டமைப்பின் பேச்சுவார்த்தை மேசையில் இந்த அம்மா எந்தக் கணக்கிலும் வர மாட்டார். எத்தனை வீடு, எத்தனை சந்தா, எத்தனை டாலர் என்றுதான் பேசுவார்கள். பெரிய கூட்டமைப்புக்கு அது போதும், நாடெங்கும் ரசிகர் இருக்கிறார்கள். சிறிய கூட்டமைப்புக்கு இருப்பதெல்லாம் அதன் ஊர்தான். ஊர்க்காரர் பார்க்க முடியாத ஆட்டத்துக்கு வெளியூரிலிருந்து ரசிகர் வந்து சேர மாட்டார். ஆகவே கேபிளா இணையமா என்பதை விட, உள்ளூரில் ஒளிபரப்பும் உரிமையை எவ்வளவு கையில் வைத்துக்கொண்டு ஒப்பந்தம் போடுகிறோம் என்பதே பெரிய கேள்வி என்று செயற்குழுவில் வாதிட்டேன். நீண்ட விவாதத்துக்குப் பின் பெரும்பான்மையோர் ஏற்றார்கள். இருவர் ஏற்கவில்லை. உரிமையைத் துண்டு போட்டால் வாங்குபவர் விலையைக் குறைப்பார் என்பது அவர்கள் வாதம். அது உண்மைதான், ஓரளவு விலை குறையும். குறைந்தாலும் பரவாயில்லை என்பது என் நிலைப்பாடு.

அதன்படி கூட்டமைப்பின் கிளீவ்லாண்ட் அலுவலகத்துக்கு மே மாதம் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறோம். அடுத்த ஒப்பந்தத்தில், தேசிய அலைவரிசை எடுத்துக்கொள்ளாத ஆட்டங்களை அந்தந்த ஊர்க் கேபிளும், ஆண்டெனாவில் கிடைக்கும் உள்ளூர் நிலையமும் கட்டணமின்றிக் காட்ட எழுத்திலேயே இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். நவம்பரில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு சனிக்கிழமையாவது சொந்த மைதானத்தில் கிடைக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறோம். கடிதத்தில் 31 குடும்பங்கள் கையெழுத்திட்டன. பதில் வந்ததும் எல்லோருக்கும் அனுப்பப்படும்.

சங்கத்தின் சொந்த ஏற்பாட்டைப் பொறுத்தவரை, நிலவறையின் செயற்கைக்கோள் இணைப்பு ஜூலை 31ஆம் தேதியோடு நிற்கும். அதற்குப் பதில் இணையச் சந்தா ஒன்றும், ஊர் அலைவரிசை தெரியும் குறைந்த கட்டணக் கேபிள் ஒன்றும் வைத்துக்கொள்ளச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தே பழைய கட்டணத்தை விடக் குறைவு. 2025 இலையுதிர் காலத்தில் ஈ.எஸ்.பி.என். தன் எல்லா அலைவரிசைகளையும் மாதம் 29.99 டாலருக்கு நேரடியாக இணையத்தில் தரப்போவதாக மே மாதம் அறிவித்திருக்கிறது. அது வந்த பிறகு கணக்கை மறுபடி பார்க்கலாம்.

மூத்தோர் வீடுகளுக்கு நம் இளைய உறுப்பினர்கள் ஆட்ட நாளில் அரை மணி முன்னதாகச் சென்று படம் வரவைத்துக் கொடுப்பது என்றும் முடிவாகியிருக்கிறது. ஆறு வீடுகள் பெயர் கொடுத்திருக்கின்றன, நான்கு இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள், இன்னும் இருவர் தேவை. தஞ்சாவூர் அம்மாவின் வீட்டை நானே எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்