கிராஃபீனுக்கு அடியில இருக்கறதையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் நம்ம பேப்பர்ல கிராஃபீன் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், 2004-ல மான்செஸ்டர்ல கெய்ம், நோவோசெலோவ் ரெண்டு பேரும் பென்சில்ல இருக்கற கிராஃபைட்ட டேப்புல ஒட்டி ஒட்டி உரிச்சு ஒரே அணு தடிமன்ல கார்பன் ஏடு, அதாவது கிராஃபீன், எடுத்தது, 2010-ல நோபல் வாங்குனது எல்லாம் நல்லா எழுதியிருந்தீங்க. ஆனா அந்த ஏட்ட எது மேல விரிச்சாங்கன்னு ஒரு வரி கூட இல்லீங்க. பாதி விசயம் அங்கதான் இருக்குது.

நான் திருப்பூர்ல 22 வருசமா டேபிள் பிரிண்டிங் பட்டறை வெச்சிருக்கேன். டேபிள் மேல துணி பீஸ ஒட்டறப்ப அடியில சின்ன நூல் முடிச்சு கெடந்தாலும் பிரிண்ட்ல அப்படியே எந்திரிச்சு நிக்கும். கோயமுத்தூர்ல எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கற என்ற பொண்ணு சொல்லித்தான் தெரிஞ்சுது, கிராஃபீனுக்கும் இதே கததான். மில்லிமீட்டர்ல சுமார் 30 லட்சத்துல ஒரு பங்கு தடிமன், அடியில இருக்கற மேடு பள்ளத்து மேல ஈரத்துணி மாதிரி படிஞ்சுக்குது. மொதல்ல சிலிக்கான் ஆக்சைடு மேல வெச்சாங்க, ஏன்னா ஆக்சைடு 300 நானோமீட்டர் கனத்துல இருந்தா சாதா மைக்ராஸ்கோப்லயே அந்த ஒத்த ஏடு கண்ணுக்கு தட்டுப்படுது. ஆனா அந்த ஆக்சைடு சொரசொரப்பு, அதுல சிக்கியிருக்கற மின்னூட்டத்தால கிராஃபீன்ல எலக்ட்ரான் அங்கங்க குட்டை குட்டையா தேங்கிருதுங்க, ஓட்டமும் கொறையுது. 2008-ல அடியில இருந்த ஆக்சைட அரிச்சு எடுத்துட்டு ஏட்ட அந்தரத்துல நிறுத்தி, நெம்ப குளிர வெச்சு அளந்தப்ப, எலக்ட்ரான் ஓட்டத்த சொல்ற மொபிலிட்டி 2 லட்சத்த தாண்டிருச்சு, ஆக்சைடு மேல சுமார் பத்தாயிரம்தான். அதே ஏடுதானுங்க!

அந்தரத்துல விட்டாலும் அது மட்டமா நிக்கறதில்ல, ஒரு நானோமீட்டர் ஒசரத்துக்கு அலை அடிச்ச மாதிரி நெளியுது, அதையே மைக்காங்கற அப்ரகக் கல்லு மேல வெச்சா அந்த நெளிவு கிட்டத்தட்ட மறைஞ்சு போகுது.

கிராஃபீன டேப்புல உரிக்காம, தாமிரத் தகட்டுல மீத்தேன் வாயு விட்டு 1000 டிகிரி கிட்ட சூடு பண்ணியும் வளத்தறாங்க இல்லீங்களா, ஆறும்போது தாமிரம் சுருங்கும், கிராஃபீன் சுருங்காது, அதனால மடிப்பு விழுந்துருது. எங்க பட்டறையில துணி சுருங்கி பிரிண்ட் சுருங்காம நிக்கறப்ப விழற மடிப்பு எனக்கு நல்லா தெரியும், ஒரு தடவ அதனால ஒரு லோடு பீஸே திரும்பி வந்துச்சு, அந்த வலி இன்னும் இருக்குங்க.

எனக்கு நெம்ப புடிச்சது போரான் நைட்ரைடு விசயம், போரானும் நைட்ரஜனும் சேந்த பொருளுங்க அது. அதுவும் தேன்கூடு மாதிரிதான், கட்டம் மட்டும் கிராஃபீன விட 1.8 சதவீதம் பெருசு. 2010-ல இருந்து அது மேல வெச்சு பாத்தா ஏடு வழுவழுன்னு படுத்துக்குது. ரெண்டையும் நேரா பொருத்தி வெச்சா கட்டமும் கட்டமும் மோதி 14 நானோமீட்டர் அகலத்துல புதுசா ஒரு பெரிய டிசைன் வருது, அதுக்கு பேர் மாய்ரே. இந்த வார்த்தைய கேட்டதும் எனக்கு ஒடம்பு சிலுத்துருச்சுங்க, சாயம் எறங்கற ஸ்கிரீன் மெஷ் வலையும், படத்த புள்ளி புள்ளியா பிரிக்கற ஹாஃப்டோன் புள்ளியும் ஒத்துக்காதப்ப துணியில அலை அலையா விழுதே, அதையும் நாங்க மாய்ரேன்னுதான் சொல்றோம், அத தவிர்க்கத்தான் ஸ்கிரீன கோணம் மாத்தி மாத்தி வெக்கறோம். நாங்க கழிச்சுக்கட்டற அந்த அலைதான் அங்க எலக்ட்ரான் போற வழியவே மாத்துது. 2018-ல அடியிலயும் கிராஃபீனே வெச்சு 1.1 டிகிரி திருப்புனாங்க, குளிர்ல தடையே இல்லாம கரண்ட் ஓடிருச்சு.

அடுத்த தடவ எழுதறப்ப ரெண்டு தேன்கூடு படம் போடுங்கய்யா, ஒண்ண வெட்டி எடுத்து ட்ரேசிங் பேப்பர்ல வரைஞ்சு இன்னொண்ணு மேல வெச்சு திருப்பற மாதிரி. எங்க பட்டறை பசங்களுக்கும் பக்கத்து ஸ்கூல் புள்ளைகளுக்கும் நானே ஒட்டுக்கா உக்கார வெச்சு காட்டறேன்.

இப்படிக்கு,
பிரிண்டிங் பட்டறைக்காரர் ஒருத்தர்,
திருப்பூர்.